எந்த லைப்ரரி, எந்தத் தரவுத்தளம், எங்கே கற்பது? கேள்வி பதில்

மென்பொருள் எழுதத் தேவையான கருவிகளை (லைப்ரரி எனப்படும் ஆயத்த நிரல் தொகுப்பு, தரவுத்தளம் போன்றவற்றை) தேர்ந்தெடுப்பது குறித்து வந்த கேள்விகளில் ஒத்த கருத்துடையவற்றை ஒன்றாக்கி, கீழே விடை எழுதியிருக்கிறேன். ஒப்பீட்டுக் கட்டுரைகள் பத்தைப் படிப்பதைவிட, உங்கள் சொந்தத் தரவை உள்ளே போட்டு ஒரு மாலைப்பொழுது சோதித்துப் பார்ப்பதையே நான் பெரிதும் நம்புகிறேன். விடைகள் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் காரணம் அதுதான்.

கேள்வி: ஜவுளிக்கடை ஒன்றுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறேன், ஐயா. எஸ்கியூலைட் தரவுத்தளம் போதும் என்கிறார் ஒரு நண்பர். போஸ்ட்கிரெஸ் இல்லாமல் தொடங்கவே கூடாது என்கிறார் இன்னொருவர். எதை எடுப்பது?

பில் போடும் கணினி ஒன்றா, பலவா என்பதை முதலில் கடைக்காரரிடம் கேளுங்கள். ஒன்றுதான் என்றால், எல்லாத் தரவையும் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்கியூலைட் தாராளமாகப் போதும். 2000-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட இந்தத் தரவுத்தளத்தை 2050 வரை பராமரிக்கத் திட்டமிட்டிருப்பதாக அதை உருவாக்குவோரே அறிவித்திருக்கிறார்கள். தனியாக ஒரு சர்வரை நிறுவிக் காக்க வேண்டிய வேலையும் இல்லை. மூன்று கவுண்டர்கள் இருந்து, மூன்றும் ஒரே கோப்பை நெட்வொர்க் வழியாகத் திறக்கும்படி அமைக்க நினைத்தால், அங்கே நின்றுவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும் என்பதற்காகக் கோப்பில் போடப்படும் பூட்டு, நெட்வொர்க் டிரைவ்களில் நம்பும்படி வேலை செய்வதில்லை; தரவு சிதைந்துபோகும் வாய்ப்பு உண்டு. அந்த நிலையில் ஒரு கணினியில், சர்வராக இயங்கும் போஸ்ட்கிரெஸை நிறுவி, மற்றவற்றை அதனுடன் இணைப்பதே முறை.

எதை எடுத்தாலும் நாளை மாற வேண்டி வரலாம் என்பதை இப்போதே கணக்கில் கொள்ளுங்கள். எஸ்கியூலைட்டில் எண் என்று அறிவித்த பத்தியில் ‘இரண்டு மீட்டர்’ என்று எழுத்தைப் போட்டாலும் அது மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். போஸ்ட்கிரெஸுக்குத் தரவை மாற்றும் நாளில்தான் அந்த வரிகள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கும். 2021-இல் வந்த 3.37 பதிப்பு முதல், அட்டவணையை ‘ஸ்ட்ரிக்ட்’ என்று அறிவித்து இதைத் தடுக்கலாம். விலையைப் பின்ன எண்ணாக வைக்காமல் பைசாவில் முழு எண்ணாகச் சேமியுங்கள். கடை நடந்துகொண்டிருக்கும்போது தரவுக் கோப்பை அப்படியே நகலெடுப்பதும் ஆபத்து; அதற்கென்றே உள்ள பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஒரே வேலைக்கு இரண்டு லைப்ரரிகள் இருக்கின்றன. ஒன்றுக்கு, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் நாற்பதாயிரம் நட்சத்திரம், மற்றதற்கு ஆயிரம்கூட இல்லை. நட்சத்திரத்தை நம்பலாமா?

நட்சத்திரம் என்பது எப்போதோ ஒருவர் பார்த்து வியந்ததன் அடையாளம். இன்று அது பராமரிக்கப்படுகிறதா என்பதற்குச் சான்றாகாது. ஜாவாஸ்கிரிப்டில் தேதிகளைக் கையாளும் மொமென்ட் லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பரில் அதன் குழுவினரே, இனிப் புதிய வசதிகள் வராது, புதிய திட்டங்களுக்கு வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று வெளிப்படையாக எழுதினார்கள். ஒருவர் கொடுத்த நட்சத்திரம் அதனால் குறையவில்லை. பழைய பாடங்கள் இன்றும் அதையே நிறுவச் சொல்கின்றன. ஆகவே ‘ரீட்மி’ என்ற முகப்புக் கோப்பை மேலிருந்து கீழ்வரை படிப்பது முதல் வேலை.

அடுத்து, தீர்க்கப்பட்ட பிழைப் புகார்களைத் திறந்து, அவற்றுக்கு யார் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே ஆள்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார் என்றால், அந்த ஆள் களைத்துப்போகும் நாளில் உங்கள் திட்டமும் நின்றுபோகும். அதைவிட மோசமான நிலையும் உண்டு. 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற லைப்ரரியை எழுதியவர், உதவ முன்வந்த முன்பின் அறியாத ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். வந்தவரோ பிட்காயின் வாலட் ஒன்றைக் குறிவைத்த திருட்டு நிரலை உள்ளே நுழைத்துவிட்டார். 2024 மார்ச்சில் லினக்ஸ் உலகையே அதிரவைத்த, எக்ஸ்-இஸட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் ரகசிய வழி நுழைக்கப்பட்ட விவகாரமும் ஏறக்குறைய இதே வழியில்தான் நடந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கண்டு துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளரால் அது வெளிச்சத்துக்கு வந்தது.

அதே நேரத்தில், ஓராண்டாக மாற்றமே இல்லை என்பதற்காக ஒரு லைப்ரரியைத் தள்ளிவிடவும் வேண்டாம். எண்ணை எழுத்தால் எழுதித் தருவது போன்ற சிறு வேலையைச் செய்யும் ஒன்று, முடிந்துவிட்டதாலேயே அசையாமல் இருக்கலாம். அது வேறு எத்தனை லைப்ரரிகளை உள்ளே இழுத்து வருகிறது என்பதைத்தான் நான் முதலில் எண்ணிப் பார்ப்பேன். ஒன்றுமே இழுத்துவரவில்லை, நிரல் இருநூறு வரிக்குள் இருக்கிறது என்றால் நட்சத்திரத்தைப் பற்றிக் கவலையே இல்லை. தேவைப்பட்டால் நாமே பராமரித்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளி மலர்களை மின்வடிவமாக்கி, எஸ்கியூலைட்டின் முழு உரைத் தேடலில் ஏற்றியிருக்கிறோம். ஆங்கிலம் சரியாக வருகிறது. தமிழில் ‘பாடம்’ என்று தேடினால் ‘பீடம்’ உள்ள பக்கங்களும் வருகின்றன. லைப்ரரியை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம், அமைப்பை மாற்றினால் போதும். எஸ்கியூலைட்டின் முழு உரைத் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5 வழக்கமாகப் பயன்படுத்தும் ‘யூனிகோட்61’ என்ற சொற்பிரிப்பான், எழுத்து, எண் ஆகிய வகைகளைச் சேர்ந்த குறியீடுகளை மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் முறையான யூனிகோடில் தமிழின் துணைக்கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் எழுத்து என்ற வகையில் சேராமல் ‘மார்க்’ என்ற தனி வகையில் இருக்கின்றன. எனவே அவை வரும் இடத்திலெல்லாம் இடைவெளி வந்துவிட்டதாகக் கருதிச் சொல்லை அது வெட்டிவிடுகிறது. ‘பாடம்’ என்பதில் துணைக்கால் போய், புள்ளியும் போய், ‘ப’, ‘டம’ என்று இரண்டு துண்டுகள் மிஞ்சுகின்றன. ‘பீடம்’ என்பதிலும் மிஞ்சுவது அதே இரண்டு துண்டுகள்தான். ‘படம்’ மட்டும் ‘படம’ என்று ஒரே துண்டாக நிற்பதால் உங்கள் தேடலில் வந்திருக்காது, சோதித்துப் பாருங்கள்.

தீர்வு எளிது. அட்டவணையை உருவாக்கும்போது அந்தச் சொற்பிரிப்பானின் ‘கேட்டகரீஸ்’ அமைப்பில், ஏற்கெனவே உள்ளவற்றோடு ‘மார்க்’ குறிகளின் உட்பிரிவுகளான எம்-என், எம்-சி ஆகிய இரு வகைகளையும் சேர்த்து, உரை முழுவதையும் மறுபடி ஏற்றுங்கள். ஏற்றும் முன் எல்லா உரையையும், ஒரே எழுத்தை ஒரே விதமாகக் குறிக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவருவதும் அவசியம். ‘கொ’ என்ற எழுத்தை, ககரத்தோடு ஒரே குறியீடான ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; கணினிக்கு வெவ்வேறு சொற்கள். தேடுபவர் தட்டச்சு செய்வதையும் இதே வடிவத்துக்கு மாற்றிய பிறகே தேடலுக்கு அனுப்ப வேண்டும்.

இவ்வளவு செய்தும் ‘பள்ளிக்கூடம்’ என்று தேடினால் ‘பள்ளிக்கூடத்தில்’ கிடைக்காது. அது வேற்றுமை உருபு ஏறிய சொல் என்பதைச் சொற்பிரிப்பான் அறியாது. ‘பள்ளிக்கூட’ என்று தொடங்கும் சொற்களைத் தேடும் முன்னொட்டுத் தேடலை வைத்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும். மேற்கொண்டு வேண்டுமென்றால், 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல் போஸ்ட்கிரெஸில் தமிழுக்கான ஸ்டெம்மர், அதாவது விகுதியை வெட்டி அடிச்சொல்லை எடுக்கும் கருவி, சேர்ந்தே வருகிறது. ஆனால் விகுதியை வெட்டும் எந்த ஸ்டெம்மரும் சில நேரம் சொல்லையும் சேர்த்து வெட்டிவிடும் என்பதால், உங்கள் மலர்களிலிருந்தே ஐம்பது சொற்களை எடுத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். தமிழுக்கு ஆதரவு உண்டு என்று ஒரு லைப்ரரியின் பக்கத்தில் எழுதியிருப்பது, பெரும்பாலும் அதை எழுதியவர் திரையில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டார் என்பதற்கு மேல் எதையும் உறுதி செய்வதில்லை.

கேள்வி: பைத்தானில் தமிழ் ரசீதை பிடிஎஃப் ஆக்கினால் கொம்பு இடம் மாறி விழுகிறது. ஃபாண்ட்டை மாற்றியும் பயனில்லை.

ஃபாண்ட் மீது குற்றமில்லை. ‘கெ’ என்பதில் ககரம் முதலிலும் கொம்பு அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. வரையும்போதுதான் கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த வேலையைச் செய்வது எழுத்துகளை உரிய இடத்தில் அமைத்துத் தரும் ஹார்ஃப்பஸ் போன்ற இயந்திரம். உங்கள் லைப்ரரி அதைப் பயன்படுத்தாமல் குறியீடுகளை வந்த வரிசையில் அடுக்குகிறது. ரசீதை ஹெச்டிஎம்எல்லாக எழுதி வீஸிபிரிண்ட் என்ற பைத்தான் லைப்ரரி வழியாகவோ, சாளரம் திறக்காமல் இயங்கும் திரையில்லா குரோம் உலாவி வழியாகவோ பிடிஎஃப் ஆக்குங்கள். பழைய விடைகள் பலவற்றில் வரும் டபிள்யூகேஹெச்டிஎம்எல்டூபிடிஎஃப் இப்போது பராமரிப்பில் இல்லை; புதிய வேலைக்கு எடுக்க வேண்டாம். எதை எடுத்தாலும் ‘கொடுத்தோம்’, ‘ஸ்ரீ’, ‘கைப்பை’ மூன்றையும் அச்சிட்டுப் பாருங்கள்.

கேள்வி: இணையப் பக்கம் அமைக்க ரியாக்ட்டா, வியூவா, அண்ணா?

பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு எது தெரியுமோ அது. இரண்டும் நல்லவையே, சிக்கிக்கொள்ளும்போது கேட்க ஆள் இருப்பதுதான் வேறுபாடு.

கேள்வி: வாடிக்கையாளருக்கு நிரலைக் கொடுக்காமல் மென்பொருளை மட்டும் விற்கிறோம். உரிமத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி உரிமங்கள் என்றால் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் உடன் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் முடிந்தது. ஜிபிஎல் உரிமம் கொண்ட லைப்ரரியை உங்கள் நிரலோடு இணைத்து விற்றால், வாங்கியவருக்கு உங்கள் நிரலையும் அதே உரிமத்தில் தரும் கடமை வரும். ஏஜிபிஎல் என்றால், நீங்கள் மாற்றியமைத்த மென்பொருளை சர்வரில் ஓடவிட்டு இணையம் வழியாகப் பயன்படுத்த விட்டாலே அந்தக் கடமை உண்டு. பெரிய தொகை சம்பந்தப்பட்டிருந்தால் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

உரிமம் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2024 மார்ச்சில் பிஎஸ்டி உரிமத்தைக் கைவிட்டது. உடனே லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அதன் பழைய நிரலிலிருந்தே வால்கீ என்ற கிளை உருவானது. 2025 மே மாதத்தில் ரெடிஸ் ஏஜிபிஎல் உரிமத்தையும் ஒரு தேர்வாகச் சேர்த்தது. ஏற்கெனவே வெளிவந்த பழைய பதிப்பின் உரிமம் இதனால் மாறிவிடாது. ஒரே நிறுவனத்தின் கையில் உள்ள மென்பொருளுக்கு, மாற்றாக நிறுத்தக்கூடிய இன்னொன்று உண்டா என்று தேர்ந்தெடுக்கும் அன்றே பார்த்து வைப்பது நல்லது.

கேள்வி: காசு கட்டி நான்கு வீடியோ வகுப்புகள் முடித்துவிட்டேன். வெற்றுக் கோப்பைத் திறந்தால் ஒரு வரிகூட எழுத வரவில்லை. ஐந்தாவதாக எதைச் சேரலாம்?

ஐந்தாவது வேண்டாம். பைத்தானில் இணையச் செயலி எழுத உதவும் ஜாங்கோவைக் கற்கிறீர்கள் என்றால் அதன் அதிகாரப்பூர்வ ஆவணத்தில் உள்ள வாக்கெடுப்புச் செயலிப் பாடத்தைச் செய்யுங்கள். முடித்தபின் அதை மூடிவிட்டு, வாக்கெடுப்புக்குப் பதிலாக உங்கள் தெருவின் தண்ணீர் வண்டிக் கணக்கையோ மகளிர் குழுவின் சீட்டுக் கணக்கையோ எழுதிப் பாருங்கள். தடுமாறும் இடத்தில் மட்டும் பாடத்தைத் திறக்கலாம். இணையப் பக்கங்கள் எழுதக் கற்பதற்கு எம்டிஎன் தளத்துக்கு இணையாக ஒன்றை நான் பார்த்ததில்லை. அடிப்படையே ஆட்டம் காண்கிறது என்றால் ஹார்வர்டின் சிஎஸ்50 வகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதன் கணக்குகளைச் செய்யாமல் வீடியோவை மட்டும் பார்ப்பதானால் அதுவும் ஐந்தாவது வகுப்பாகிவிடும். தமிழில் படிக்கக் கணியம் தளத்தின் கட்டுரைகளும் மின்னூல்களும் உதவும். ஆங்கில ஆவணத்துக்குப் போகும் முன் கருத்தைப் பிடித்துக்கொள்ள அவை ஏற்றவை. எந்தப் பாடமானாலும் அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். புதியவர்கள் தம் தவறு என்று நினைத்து இரவெல்லாம் தேடும் பிழைகளில் பல, பதிப்பு வேறுபாட்டால் வருபவை.

கேள்வி: செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் பொருத்தமான லைப்ரரியைச் சொல்லிவிடுகிறதே?

சொல்லும், இல்லாத லைப்ரரியையும் அதே உறுதியோடு சொல்லும். அவ்வாறு அடிக்கடி கற்பனையாக வரும் பெயர்களில் தீய நிரலைப் பதிவுசெய்து வைத்துக் காத்திருக்க முடியும் என்பதால், நிறுவும் கட்டளையை அப்படியே ஒட்டாதீர்கள். அந்த லைப்ரரியின் பதிவுப் பக்கத்துக்குச் சென்று, பெயரின் எழுத்துக்கூட்டல், முதல் பதிப்பு வந்த தேதி, மூல நிரலின் முகவரி மூன்றையும் பார்த்துவிட்டு நிறுவுங்கள். இருக்கும் லைப்ரரியின் ஆவணத்தைக் கொடுத்து விளக்கம் கேட்பதற்கு அது நன்றாகவே பயன்படுகிறது.

கேள்வி: நேற்றுவரை ஓடிய திட்டம், ஒரு எழுத்தையும் மாற்றாமலே இன்று பில்ட் ஆகவில்லை. இது எப்படி நடக்கிறது?

நீங்கள் மாற்றவில்லை, நீங்கள் நம்பியிருக்கும் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி லைப்ரரியை அதன் ஆசிரியர், ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகள் வைக்கப்படும் என்பிஎம் பதிவிலிருந்து நீக்கியபோது, அதை நேரடியாகக் கேள்விப்பட்டிராதவர்களின் திட்டங்கள்கூட நின்றன. ஒவ்வொரு லைப்ரரியின் பதிப்பையும் குறித்து வைக்கும் லாக் கோப்பு, நிரலைச் சேமிக்கும் உங்கள் கிட் களஞ்சியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் கடைசியாக ஓடிய கணினியிலிருந்து அதை எடுத்துச் சேருங்கள். சர்வரில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ கட்டளைக்குப் பதிலாக, லாக் கோப்பில் உள்ளதை மட்டும் அப்படியே நிறுவும் ‘என்பிஎம் சிஐ’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதன் பிறகும் உடைந்தால், ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் மென்பொருளின் பதிப்பு மாறியதா என்று பார்த்து, பிழைச் செய்தியின் முதல் இருபது வரிகளை முழுதாக அனுப்புங்கள். கடைசி வரியை மட்டும் வைத்து என்னால் எதுவும் சொல்ல இயலாது.