பாதாள ஆற்றுக்குள் படகில் போகுமுன்: கேள்வி பதில்

பிலிப்பைன்ஸின் பலவான் தீவில், கடலோரச் சுண்ணாம்புக்கல் மலைக்கு அடியில் 8.2 கி.மீ. நீளத்துக்கு ஓடி நேராகக் கடலில் கலக்கிறது புவேர்ட்டோ பிரின்செசா பாதாள ஆறு. 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே போகத் தயாராகும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார் கேட்ட கேள்விகளும் பதில்களும் இவை.

தர்மபுரி: அண்ணா, ஒகேனக்கல் பரிசல் துறை மாதிரி நேராப் போய் டிக்கெட் வாங்கிக்கலாமா?

முடியாது தம்பி. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு, முன்அனுமதி கட்டாயம். பயண ஏற்பாட்டாளரிடம் பதிவு செய்தால் அனுமதி, வேன், படகு எல்லாம் அதிலேயே அடங்கும். புவேர்ட்டோ பிரின்செசா நகரத்திலிருந்து, படகு ஏறும் சபாங் துறைக்குச் சுமார் 80 கி.மீ.; வேனில் 2 மணி நேரம்.

குகையை ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளில் மட்டும் வைக்காதீர்கள். பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் இங்கே பரிசலை நிறுத்துகிறார்கள் அல்லவா? அங்கே கடலில் அலை ஏறினால் படகை நிறுத்துவார்கள். குகைக்குள் தண்ணீர் அசையாமல் கிடந்தாலும், வாசலுக்குப் போகும் வழி கடல்தான். ஜூன் முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் இது அடிக்கடி நடக்கும். மார்ச் முதல் மே வரை நல்ல காலம். அப்போதும் ஒரு நாளைக் கையிருப்பாக வையுங்கள்.

பாலக்கோடு: அம்மாவுக்கு 62 வயசு, முழங்கால் வலி. நடை அதிகமா இருக்குமா?

நடை குறைவுதான் டீச்சர். சிரமம் எல்லாம் ஏறி இறங்குவதில் இருக்கிறது. சபாங்கில் இருபுறமும் மூங்கில் தாங்கி கட்டிய மோட்டார் படகில் 15 முதல் 20 நிமிடம் போய், கரையோரம் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும். பிறகு காட்டுக்குள் சில நிமிட நடை, அதன்பின் துடுப்புப் படகு. படகின் விளிம்பை மிதிக்காமல் நடுவில் கால் வைத்து, உடனே உட்காரச் சொல்லுங்கள். ரப்பர் செருப்பு சகதியில் கழன்றுவிடும்; பின்பக்கம் வார் உள்ளதாக எடுங்கள். கைத்தாங்கல் இல்லாமல் பஸ் படி ஏறுவார் என்றால் தைரியமாகக் கூட்டிப் போகலாம்.

பென்னாகரம்: குகைக்குள்ள என்ன கவனிக்கணும்ண்ணா?

உள்ளே மின்விளக்கே கிடையாது. படகுக்காரர் பின்னால் துடுப்பு போடுவார். முன்னால் உட்காருபவர் கையில் விளக்கு. படகுக்காரர் சொல்லும் திசையில் மட்டும் அடியுங்கள், எதிரே வரும் படகுக்காரர் கண்ணில் அடிக்காதீர்கள். சுமார் ஒன்றரை கி.மீ. போய்த் திரும்ப 45 நிமிடம் ஆகும்.

அண்ணாந்து பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். கூரை முழுக்க வௌவாலும் உழவாரக் குருவியும். மேலிருந்து சொட்டுவது தண்ணீராகவும் இருக்கும், எச்சமாகவும் இருக்கும். தலைக்கவசப் பட்டையைத் தாடைக்குக் கீழே பூட்டாவிட்டால் அண்ணாந்ததும் அது தண்ணீரில் விழும். மிதவை அங்கியின் தோள்பட்டையை மேலே இழுத்துப் பாருங்கள்; காது வரை வந்தால் தளர்வு, இறுக்குங்கள்.

கல்லைத் தொடவே கூடாது. சொட்டுச் சொட்டாகச் சுண்ணாம்பு படிந்து வளர்வது அது. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் படிவு ஒட்டாமல் வளர்ச்சி கெட்டுவிடும்.

காவேரிப்பட்டணம்: தின்பண்டம் கொண்டு போகலாமா?

குகைக்குள் வேண்டாம். கரையிலும் பிளாஸ்டிக் பை கையில் தெரிந்தால் குரங்கு பறித்துவிடும்.

ஓசூர்: ஒகேனக்கல்லயும் காவிரி பாறையைத்தானே குடையுது? அங்க ஏன் இப்படி குகை வரல?

நல்ல கேள்வி. நம்முடையது நைஸ், சார்னோக்கைட் வகைக் கடும்பாறை. தண்ணீர் அதை அரைக்கும், கரைக்காது. அதனால் விரிசல் வழியே மேலிருந்து வெட்டி இறங்கி, வானம் பார்த்த பள்ளமாகிறது. சுண்ணாம்புக்கல் அப்படியல்ல. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் கரியமில வாயுவை வாங்கி மெல்லிய அமிலமாகி, கல்லின் இடுக்கில் புகுந்து உள்ளிருந்தே கரைக்கிறது. இந்தக் குகையில் ஒரு கூடம் மட்டும் 360 மீட்டர் நீளம். கடல் ஓதமும் உள்ளே ஏறுவதால், வாசல் பகுதியில் உப்புநீர் கனத்துக் கீழே நிற்க, ஆற்றுநீர் அதன்மேல் மிதந்து வெளியேறும்.

அரூர்: இருட்டுன்னா எனக்கு மூச்சு முட்டும். வரலாமா?

கூரை பல இடங்களில் உயரம்தான். ஏறுமுன்பே படகுக்காரரிடம் சொல்லிவிட்டு, அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள் தங்கச்சி. முதல் வளைவு வரை வாசல் வெளிச்சம் முதுகுப்பக்கம் இருக்கும். அது மறையும் இடம்தான் கடினம். அங்கே கூரையை விட்டுவிட்டு, விளக்கு படும் தண்ணீரைப் பாருங்கள்.