கேளுங்கள், சொல்கிறேன்: ஓவனில் வைக்கும் பூரணக் குடைமிளகாய்

இரவு விருந்துக்குப் பூரணம் நிரப்பிய குடைமிளகாய் செய்வது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே எடுக்கிறேன். ஆரம்பிக்கும் முன் ஒன்று: காயின் அடியில் ஓட்டை விழக்கூடாது. இதை இன்னும் சில தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, வீட்டில் ஆறு பேர். முதல் தடவை செய்கிறேன். அளவு, நேரம் எல்லாம் சொல்லுங்களேன்.

நடுத்தரக் காய் ஒன்று முக்கால் கப் பூரணம் கொள்ளும். ஆறு காய்க்கு நாலரை கப். அரை கிலோ கொத்துக்கறி, ஒன்றரை கப் சோறு, பெரிய வெங்காயம் ஒன்று, தக்காளி இரண்டு எடுத்தால் ஏறக்குறைய சரியாக வரும். கறி வேண்டாம் என்பவர்கள் வேகவைத்த பயறும் வதக்கிய காளானும் போடுங்கள்.

காம்புப் பக்கம் ஒரு விரற்கடை இறக்கி வட்டமாகச் சீவுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டையும் விதைகளையும் விரலாலேயே பிய்த்து எடுங்கள், கத்தி வேண்டாம். கத்தி அடிவரை போய்த்தான் ஓட்டை விழுகிறது. உட்புறம் உப்பைத் தடவி, வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து, 190 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வையுங்கள். எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு காயைச் சுற்றியும் தண்ணீர் தேங்கி நிற்கும். குடைமிளகாயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை இங்கேயே கொஞ்சம் வடிய விடவில்லை என்றால் பின்னால் பூரணத்தில் இறங்கிக் கஞ்சியாக்கிவிடும்.

கறியை அடுப்பிலேயே வதக்கி வேகவைத்துவிடுங்கள். தக்காளி சுண்ட வேண்டும். கரண்டியால் கோடு இழுத்தால் கோடு உடனே மூடாமல் நிற்கிறதா? அதுதான் பதம். இறக்கிச் சோற்றைக் கலந்து, உப்பு பார்த்து, காயில் தளர்வாக நிரப்புங்கள், அமுக்காதீர்கள். ஒன்றையொன்று தாங்கி நிற்கிற அளவுள்ள பாத்திரத்தில் நெருக்கி நிறுத்தி, அடியில் கால் கப் தண்ணீர் ஊற்றி, ஃபாயில் போட்டு மூடி 30 நிமிடம். அப்புறம் ஃபாயிலை எடுத்து, சீஸ் தூவி 10 முதல் 15 நிமிடம். கத்தி முனை காயின் பக்கவாட்டில் தடையில்லாமல் இறங்கினால் எடுத்துவிடலாம். பத்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறுங்கள். இல்லையென்றால் முதல் வாயிலேயே நாக்கு பொசுங்கும்.

கேள்வி: அரிசியை வேகவைக்காமல் அப்படியே போடலாமா?

கூடாது. அரிசி வேகத் தன் அளவைப் போல இரண்டு பங்கு தண்ணீர் வேண்டும், காய்க்குள் அவ்வளவு கிடையாது. போதாததற்குத் தக்காளியின் புளிப்பு அரிசி மெத்தென்று ஆவதைத் தாமதப்படுத்தும். காய் குழைந்து சரிந்த பிறகும் அரிசி பல்லில் கடிபடும்.

கேள்வி: பச்சைக் காய் வெந்ததும் ஏன் பாசி நிறமாகிறது? சிவப்பு அப்படி ஆவதில்லையே?

பச்சை நிறம் தரும் பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது கழன்றுவிடும், நிறமும் மங்கிவிடும். சிவப்புக் காயின் நிறமி வேறு வகை, சூட்டைத் தாங்கும். பச்சைக் காய் பெரும்பாலும் முற்றுமுன் பறித்தது, லேசாகக் கசக்கும். சிவப்பு செடியிலேயே பழுத்தது, இனிக்கும். குழந்தைகள் சாப்பிட வேண்டும் என்றால் சிவப்பு.

கேள்வி: அடியில் மூன்று மேடு இருந்தால் ஆண் காய், நான்கு இருந்தால் பெண் காய், பெண் காய்தான் இனிக்கும் என்கிறார்களே. எதை வாங்குவது?

வரும் என்று எதிர்பார்த்தேன். காயில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. குடைமிளகாய்ப் பூ ஒவ்வொன்றிலும் மகரந்தமும் சூலகமும் சேர்ந்தே இருக்கின்றன. காய் என்பது அந்தப் பூவின் சூல்பை பெருத்தது. பெண் என்று சொல்லியே தீர வேண்டும் என்றால் எல்லாக் காயும் பெண்தான். மேடுகளின் எண்ணிக்கை அந்தச் சூல்பை எத்தனை அறையாக உருவானது என்பதைத்தான் காட்டும். ஒரே செடியில் மூன்றும் நான்கும் காய்க்கும்.

கேள்வி (அதே அன்பர்): மன்னிக்கணும் அக்கா, எங்கள் வீட்டில் முப்பது வருஷமாகப் பார்த்துத்தான் வாங்குகிறோம். நான்கு மேடு இனிக்கிறது. இது அனுபவம்.

அனுபவத்தை மறுக்கவில்லை தம்பி. நீங்கள் வாங்கிய நான்கு மேட்டுக் காய்கள் நன்றாகப் பழுத்தவையாகவும் இருந்திருக்கலாம். இனிப்பு பழுப்பதைப் பொறுத்தது.

கேள்வி (இன்னொருவர்): தம்பி சொல்வதில் ஏதோ இருக்கிறது. நானும் நான்கு மேடுதான் எடுப்பேன், நன்றாக நிற்கும்.

இது நியாயமான காரணம்! நாற்காலிக்கு நாலு கால் மாதிரி, நான்கு மேட்டுக் காய் அசையாமல் நிற்கும். பூரணம் வைக்க நானும் அதைத்தான் எடுப்பேன். நிற்பதற்காக எடுங்கள், பெண் என்பதற்காக எடுக்க வேண்டாம்.

கேள்வி (மறுபடி தம்பி): விதை? பெண் காயில் விதை அதிகம் என்பதும் பொய்யா?

வெட்டி எண்ணிப் பாருங்கள். ஒன்றை மட்டும் வெட்டாதீர்கள், ஒவ்வொரு வகையிலும் நாலைந்தாவது வெட்டுங்கள்.

கேள்வி: சாய்கிற காயின் அடியைச் சீவி நிறுத்தலாமா?

தோல் அளவுக்கு, காகிதம் போல மெல்லியதாகச் சீவலாம். ஒரு மயிரிழை கூடினாலும் ஓட்டை, அதன் வழியே சாறெல்லாம் ஒழுகிவிடும். விருந்தாளிகள் உட்கார்ந்த பிறகு பாத்திரத்தைத் திறந்து, பூரணம் காய்ந்தும் அடியில் குளம் கட்டியும் இருந்ததைப் பார்த்தவள் நான். சாய்ந்தால் பக்கத்தில் உருளைக்கிழங்குத் துண்டை முட்டுக் கொடுங்கள்.

கேள்வி: அரிசியை ஊறவைத்தால் மட்டும் போதுமா?

போதாது. மேலே இரண்டாவது பதில்.

கேள்வி: வெட்டினால் உள்ளே குட்டிக் குடைமிளகாய் ஒன்று இருந்தது. சாப்பிடலாமா?

தாராளமாக. விதை உருவாக வேண்டிய இடத்தில் இன்னொரு காய் முளைத்திருக்கிறது, அவ்வளவுதான். நறுக்கிப் பூரணத்தில் போடுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோயாளி எத்தனை காய் சாப்பிடலாம்?

உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நான் சமையல்காரி.

கேள்வி: முந்தின நாளே செய்து வைக்கலாமா?

நிரப்பி, சுடாமல், மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம். கறியும் சோறும் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சில்லென்று எடுத்து வைப்பதால் ஓவனில் கூடுதலாக 15 நிமிடம் கொடுங்கள். சமைத்த சோற்றை மட்டும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. சோறு வெளியே கிடந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது.

கேள்வி: கறியைப் பச்சையாகவே நிரப்பினால்?

நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட வேண்டும், கோழி என்றால் 74. வெப்பமானி இருந்தால் செய்யுங்கள். கொழுப்பு காய்க்குள்ளேயே நிற்கும் என்பதால் எனக்குப் பிடிப்பதில்லை.

கேள்வி: அவல் போல மெல்லிய அரிசி என்றால் வேகாமல் போடலாமா அக்கா?

இரண்டாவது பதில். இரண்டாவது பதில்!

கேள்வி (தம்பி): வெட்டிப் பார்த்துவிட்டேன். மூன்று மேட்டில் நான்கு, நான்கு மேட்டில் நான்கு. எல்லாவற்றையும் எண்ண முடியவில்லை, ஆனால் மூன்று மேட்டுக் காய் ஒன்றில்தான் அதிக விதை இருந்தது. விடுங்கள். இப்போது எட்டுக் காய் இரண்டாகக் கிடக்கிறது.

நீளவாக்கில் வெட்டினீர்களா, குறுக்கேயா? நீளவாக்கில் என்றால் கவலையில்லை. 190 டிகிரியில் 10 நிமிடம் கவிழ்த்து வையுங்கள், படுக்க வைத்து நிரப்புங்கள், ஃபாயில் இல்லாமல் 20 முதல் 25 நிமிடம் போதும். படுத்திருக்கும் காய்க்கு எத்தனை மேடு இருந்தால் என்ன? குறுக்கே என்றால், நறுக்கி வதக்கிப் பூரணத்திலேயே சேர்த்துவிட்டு, நிரப்புவதற்கு வேறு காய் வாங்கி வாருங்கள்.