தட்டை எடுத்துச் செல்வது யார்?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறேன்; வயது 34. பேன்டஸி கிரிக்கெட்டில் (நிஜ ஆட்டக்காரர்களில் பதினொருவரைப் பொறுக்கினால், அவர்கள் ஆடுவதற்கு ஏற்ப நமக்குப் புள்ளி கிடைக்கும்) அணி அமைத்து விளையாடுவேன். காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் வந்த சட்டத்துக்குப் பிறகு காசு வைப்பதில்லை. அலுவலக நண்பர்களுடன் வெறும் புள்ளிக்குத்தான். ஆனாலும் மனைவி தினமும் சண்டை போடுகிறார். சென்னை விக்கெட் விழுந்தபோது ஒருமுறை கைதட்டிவிட்டேன், எதிரணிப் பந்துவீச்சாளர்தான் என் கேப்டன். அன்றிலிருந்து அப்பா தன் அறையிலேயே போனில் மேட்ச் பார்க்கிறார். சாப்பாடும் அங்கேதான் போகிறது. நான் இதற்கு அடிமையாகிவிட்டேனா?

பதில்: காசு வைப்பதில்லை என்பதை அழுத்திச் சொன்ன நீங்கள், அந்தத் தட்டை யார் எடுத்துச் செல்கிறார் என்று எழுதவில்லை. உங்கள் மனைவியாகத்தான் இருக்கும். சண்டைக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கேப்டன் எடுக்கும் புள்ளி இரட்டிப்பாகும் என்பதால், தன் அணி சரிவதைப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்த தகப்பனார் பக்கத்தில் அமர்ந்து நீங்கள் அந்தச் சரிவிலேயே ஆதாயம் கண்டீர்கள். நல்ல பந்துக்குக் கைதட்டினேன் என்றும் தப்பிக்க முடியாது. 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் இந்தியாவை 12 ரன்னில் வென்ற பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டிய ஊர் இது. அன்று தட்டிய எவருக்கும் அந்தத் தோல்வியால் ஒரு புள்ளிகூடக் கூடவில்லை.

காசு போனால் ஆசையும் போய்விடும் என்பது உங்கள் கணக்கு. எலன் லேங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1975இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு டாலர் லாட்டரிச் சீட்டைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள் அதை விற்கச் சராசரியாக எட்டு டாலருக்கு மேல் கேட்டார்கள். பிறர் எடுத்துக் கொடுத்த சீட்டை வைத்திருந்தவர்களுக்கோ இரண்டு டாலருக்கும் குறைவே போதுமானதாக இருந்தது. தன் கையால் பொறுக்கியது என்பதே மனிதனை அப்படிப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் பொறுக்கிய பதினொருவர் மேல் வந்த பாசம், உங்களை வளர்த்தவரை ஹாலிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டது. வயதான தகப்பனார் தன் வீட்டிலேயே ஒதுங்கி உட்கார்ந்தால் அது மகனின் குற்றம் என்றே நான் கருதுகிறேன். காலம் மாறிவிட்டது என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம்.

இன்றிரவு தட்டை நீங்கள் எடுத்துச் செல்லுங்கள். நீட்டி முழக்கி மன்னிப்புக் கேட்காமல், அவர் பக்கத்தில் அமர்ந்து அந்தப் போனிலேயே ஆட்டத்தைப் பாருங்கள். ஹாலுக்கு வாருங்கள் என்று கூப்பிடும் உரிமை பிறகுதான். சென்னை ஆடும் நாள்களில் அணி அமைக்கவே கூடாது. அதுகூட முடியவில்லை என்றால் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. எனக்கு மறு கடிதம் எழுதாமல் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள்.