உப்புக்காற்று அடிக்கும் ஊரில் ஜீப் சேசிஸ் துருப்பிடிக்காமல் காப்பது எப்படி? அண்டர்பாடி கோட்டிங் அடித்தால் போதுமா?

போதாது. ஏற்கெனவே துரு தொட்ட சட்டத்தின் மேல் அந்தக் கறுப்பு ரப்பர் கோட்டிங்கை அடிப்பது, ஒன்றும் அடிக்காமல் விடுவதைவிடக் கெடுதல். தார், பொலிரோ, ஜிம்னி, பழைய மேஜர் என எதுவானாலும் பாடியைத் தாங்குவது ஏணி வடிவச் சேசிஸ்தான். அதன் நீளச் சட்டங்கள் பெட்டிபோல் மூடியவையாக இருந்தால், துரு உள்ளே தொடங்கி வெளியே வரும். வெளியே தெரியும்போது தகட்டில் பாதி போயிருக்கும். அதனால் வேலையின் பெரும்பகுதி உள்பக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலான கோட்டிங் கடைகளில் அதைத் தொடுவதில்லை.

முதலில் உப்பு என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால் நீரை இழுத்துத் தானே கரையும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 35 சதவீதத்துக்கும் குறைவான ஈரமே போதும். தூத்துக்குடி உப்பளப் பக்கமோ, நாகப்பட்டினத்திலோ, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமோ நிற்கும் வண்டியின் அடியில் படிந்த உப்பு முழுதாகக் காய்வதே இல்லை. மழையில்லாத சித்திரையிலும் துரு ஏறுவது இதனால்தான். மீன் ஏற்றும் பிக்கப்புகளின் நிலை இன்னும் மோசம்: ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் நேராகப் பின்சட்டத்தில் வடிகிறது.

பெரிய கம்பெனிகளும் இதற்குத் தப்பவில்லை. டொயோட்டாவின் டகோமா, டுண்ட்ரா, செக்வோயா வண்டிகளின் சேசிஸில் போதிய துருத்தடுப்பு இல்லை என்று அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கில், 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய சமரசத்துக்கு டொயோட்டா 2016-ல் ஒப்புக்கொண்டது. அங்கே பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, இங்கே கடற்காற்று.

வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

வாட்டர் வாஷில் பிரஷர் கன்னால் வெளிச்சேறு போகும். சட்டத்தின் உள்ளே கட்டிய சேறு போகாது. அதற்குச் சாதாரண ஹோஸ் பைப்தான் சரி. சட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு துளையிலும் பைப்பை விட்டு, கீழே வடிகால் துளையில் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் துளை அடைத்திருக்கிறது, கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். கடலோர போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதைதான். கடைசி அலசலுக்காவது லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வேண்டும். பிறகு இரண்டு நாள் நல்ல வெயிலில் நிறுத்துங்கள். சட்டத்தின் உள்ளே கம்ப்ரசர் காற்றை அடித்தால் இன்னும் நல்லது.

காய்ந்ததும் சிறிய சுத்தியலால் சட்டம் முழுவதையும் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மொத்தென்று கேட்கும். சந்தேகம் வந்த இடத்தில் பழைய ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை: பின் ஆக்சிலுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடம், ஸ்பிரிங் பட்டையின் ஷேக்கிள் மாட்டும் பிராக்கெட், ஷாக் அப்சார்பர் மவுண்ட், டீசல் டேங்கின் காப்புத் தகட்டுக்கு மேல்பக்கம், பாடி மவுண்ட் ரப்பரின் அடி. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எந்த இடமும் சந்தேகத்துக்குரியது.

ஓட்டை விழுந்திருந்தால் முதலில் வெல்டிங், மற்றதெல்லாம் அப்புறம். சட்டத்துக்குள் வேக்ஸ் அடித்த பிறகு வெல்டிங் வைத்தால் உள்ளே தீப்பிடிக்கும். அரித்த பாகத்தை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தகடு வைக்க வேண்டும். துருவின் மேலேயே தகட்டை ஒட்டிவிடும் பட்டறைகள் உண்டு. அடுத்த மழைக்காலத்தில் அந்த இடுக்கு வீங்கிக்கொண்டு வரும். ஒட்டுத்தகட்டைச் சாய்சதுரமாக வெட்டச் சொல்லுங்கள். சட்டத்தின் குறுக்கே நேர்க்கோட்டில் விழும் வெல்டிங், பாரம் ஏறும்போது அதே கோட்டில் விரிசல் விடும். வெல்டிங் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள்.

அடுத்தது துருவை எடுப்பது. 4 இன்ச் கிரைண்டரில் ஒயர் கப் பிரஷ் போட்டால் உதிரும் துரு போகும். ஆனால் ஒட்டிக்கொண்ட துருவை அந்தப் பிரஷ் பாலீஷ் போட்டுப் பளபளக்க வைத்துவிடும். பார்க்க இரும்பு போலவே இருக்கும். அதன் பிறகு உப்புத்தாள் இதழ்கள் அடுக்கிய 80 நம்பர் ஃபிளாப் டிஸ்க்கை லேசாக ஓட்டுங்கள். டிஸ்க் நுழையாத மூலைகளுக்கு அதே நம்பர் உப்புத்தாள். பிரஷ்ஷின் கம்பிகள் முறிந்து பறக்கும், ஆகவே கண்ணாடி இல்லாமல் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.

பிரைமரில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள். ஜிங்க் ரிச் பிரைமர் வேலை செய்வது, அதிலுள்ள துத்தநாகம் வெறும் இரும்பை நேரடியாகத் தொட்டு, இரும்புக்குப் பதில் தான் கரைவதால். ரெட் ஆக்சைடின் மேலோ, துருவைக் கெட்டிப் படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வெர்ட்டரின் மேலோ அடித்தால் அது வெறும் சாம்பல் நிறப் பெயின்ட். சட்டத்தைத் துருவே இல்லாத வெறும் இரும்பாக எடுக்க முடிந்தால் மட்டும் ஜிங்க். பள்ளங்களில் துரு மிச்சம் இருக்கும் என்றால், அங்கே மட்டும் பாஸ்பாரிக் ஆசிட் அடிப்படையிலான கன்வெர்ட்டரைத் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, மிச்ச ஆசிட்டைத் துடைத்துக் கழுவிக் காயவைத்து, மேலே எபாக்சி பிரைமர். ஆசிட் மிஞ்சினால் எபாக்சி பிடிக்காது, சில மாதங்களில் செதில் செதிலாக உரியும்.

அளவைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். நான்கு மீட்டர் வண்டியில் இரண்டு சட்டங்கள், குறுக்குச் சட்டங்கள், ஆக்சில், பிராக்கெட் எல்லாம் சேர்த்து வெளிப்பரப்பு சுமார் 7, 8 சதுர மீட்டர் வரும். சிதறலையும் சேர்த்தால் ஒரு லிட்டர் எபாக்சி பிரைமர் 5, 6 சதுர மீட்டருக்குத்தான் தாங்கும். இரண்டு கோட்டுக்கு 3 லிட்டர் வாங்குங்கள். மூலைகள், வெல்டிங் ஓரங்கள், போல்ட் தலைகள் ஆகியவற்றுக்கு முதலில் பிரஷ்ஷால் ஒரு கை கொடுத்துவிட்டுப் பிறகு ஸ்பிரே செய்யுங்கள். கூர்மையான விளிம்பில் ஸ்பிரே நிற்காமல் விலகிவிடும், துரு தொடங்குவதும் அங்கேதான். அடிக்கும் நேரம் காலை 10 மணிக்கு மேல், மாலை 3 மணிக்குள். ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழும், இரும்பின் சூடு பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூடவும் இருக்க வேண்டும். கடலோர விடியலில் தொட்டாலே சட்டம் நனைந்திருக்கும். மேலே பாலியூரித்தேன் டாப்கோட் ஒன்று போதும்.

இனி உள்பக்கம். இதற்குக் கேவிட்டி வேக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள், 2 லிட்டர். கூடவே சுற்றிலும் தெளிக்கும் 360 டிகிரி நாசில் பொருத்திய ஒன்றரை மீட்டர் வளையும் டியூப், அதற்கான கன். கம்ப்ரசர் 90 பிஎஸ்ஐ. டியூபைத் துளை வழியாகக் கடைசிவரை தள்ளி, டிரிகரை அழுத்தியபடி மெதுவாக வெளியே இழுங்கள். பக்கத்துத் துளையிலிருந்து மறுபடி, முன்பு விட்ட இடத்தோடு ஒரு சாண் மேற்படியும்படி. வடிகால் துளையில் வேக்ஸ் சொட்டினால் அந்தப் பகுதி முடிந்தது. மறுநாள் எல்லா வடிகால் துளைகளையும் கம்பியால் குத்தித் திறங்கள். இதை மறந்தால் உள்ளே வரும் தண்ணீருக்குத் தொட்டி கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

வெளியே பெயின்ட்டின் மேல் லனோலின் (ஆட்டுரோமக் கொழுப்பு) அல்லது மெல்லிய வேக்ஸ் அடிப்பது என் தேர்வு. கறுப்பு ரப்பரைப்போல் நிரந்தரமில்லை, அழுக்குப் படியும், ஆண்டுக்கு ஒருமுறை மழைக்கு முன் மறுபடி அடிக்க வேண்டும். ஆனால் அடியில் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், கீறல் விழுந்தாலும் ஊறி மூடிக்கொள்ளும். ரப்பர் கோட்டிங்கில் ஒரு கல் பட்டு ஓட்டை விழுந்தால் தண்ணீர் அதன் வழியே நுழைந்து, வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். வீல் ஆர்ச்சின் உள்பக்கம் கல்லடி படும் இடங்களுக்கு மட்டும், அதுவும் புது வண்டியில், அதை வைத்துக்கொள்ளலாம்.

எதன் மேல் அடிக்கக் கூடாது என்பதும் முக்கியம். சைலன்சர், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மேல் பட்டால் புகையும், தீயும் பிடிக்கலாம். பிரேக் டிஸ்க், டிரம், ஆக்சில் பிரீதர் (காற்றுத்துளை), சென்சார் கனெக்டர்கள், ரப்பர் புஷ்கள் எல்லாவற்றையும் பாலித்தீன் சுற்றி மூடுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் ஒரு பக்கம் கட்டியாகப் படிந்தால் ஓட்டும்போது அதிரும்.

பழைய இன்ஜின் ஆயிலில் டீசல் கலந்து அடித்தால் போதும் என்று சொல்லாத மெக்கானிக் இல்லை. துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும், உண்மைதான். ஆனால் அதில் எரிபொருள் எரிந்த அமிலக் கழிவு இருக்கிறது, புஷ்களை உப்ப வைக்கும், வழிந்தது மண்ணில் இறங்கும். வேண்டாம்.

பழைய ஜீப்பை முழுதாகக் கழற்றிப் புதுப்பிக்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: வெறும் சேசிஸைச் சூடான துத்தநாகத்தில் முக்கி எடுப்பது. 450 டிகிரி குளியல், 3 முதல் 6 மில்லிமீட்டர் தகட்டில் சுமார் 70 மைக்ரான் பூச்சு, உள்ளும் புறமும். பிரிட்டனில் லேண்ட் ரோவர் டிஃபென்டருக்கு இப்படி முலாம் பூசிய சேசிஸே தனியாகக் கிடைக்கிறது. மூடிய சட்டத்தில் காற்றுப்போக்கித் துளைகள் இல்லாவிட்டால் உள்ளே சிக்கிய ஈரம் நீராவியாகிக் குளியலிலேயே வெடிக்கும். சட்டம் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளவும் வாய்ப்புண்டு, திரும்பி வந்ததும் மூலைவிட்டங்களை அளந்து பார்க்க வேண்டும்.

வண்டி உப்புத்தண்ணீரில் இறங்கினால் அன்றே கழுவுங்கள். தோட்டத்துச் சுழல் தெளிப்பானை வண்டிக்கு அடியில் வைத்து முக்கால் மணி நேரம் ஓடவிட்டு, நடுவே இரண்டு முறை இடம் மாற்றினால் போதும், படுத்துப் புரள வேண்டாம்.

கடைசியாக, சட்டத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் நம்பர். எஃப்சிக்கோ பெயர் மாற்றத்துக்கோ போனால் அதன் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுப்பார்கள். கிரைண்டரை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கையால் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, பிரைமரும் வேண்டாம், நிறமில்லாத வேக்ஸ் மட்டும் தடவிவிடுங்கள். முலாம் போடுவதாக இருந்தால் துத்தநாகம் எழுத்துகளை நிரப்பிவிடும் என்பதால், அந்த இடத்தை முன்கூட்டியே மறைக்கும்படி ஆலையில் எழுதிக் கொடுங்கள்.