நிலத்து வாசலில் போடும் குடும்பக் கடையில் பருவத்துக்குப் பருவம் எதை வைத்து விற்கலாம்?

சொந்த நிலத்தின் வாசலிலேயே குடும்பமாக ஒரு கடை போடப் போவதாகவும், எந்தப் பருவத்தில் எதை வைப்பது என்று புரியவில்லை என்றும், விளைச்சல் குறையும் மாதங்களில் மொத்தச் சந்தையிலிருந்து காய்கனி வாங்கி வந்து அடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் குடும்பமும் இத்தகைய கடையொன்றை நடத்தி வருவதால் இதற்கு விடை எழுதுகிறேன். கடைசிக் கேள்விக்கான விடைதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து வாங்கி வந்து அடுக்காதீர்கள். எல்லாக் காயும் எல்லா மாதமும் வேண்டும் என்பவர்களுக்குப் பெரிய கடைகள் இருக்கின்றன. வகையிலோ விலையிலோ அவற்றோடு நீங்கள் போட்டியிட முடியாது. உங்களுக்கு இருக்கும் ஒரே மேன்மை, செடியிலிருந்து பறித்த காய் சில மணி நேரத்துக்குள் சமைப்பவர் கைக்குப் போய்விடுகிறது என்பதுதான். ஆகவே, அந்தச் சில மணி நேரம் எந்தப் பயிரின் சுவையில் மிகுதியாகத் தெரிகிறதோ அந்தப் பயிரைச் சுற்றியே ஆண்டைத் திட்டமிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதில் முதலிடம் இனிப்பு மக்காச்சோளத்துக்கு. கதிரை ஒடித்த நொடியிலிருந்து அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. வழக்கமான இனிப்பு வகைகளில், 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கிடக்கும் கதிர் ஒரே நாளில் தன் சர்க்கரையில் பாதிக்கும் மேல் இழந்துவிடுகிறது. உறைநிலையை ஒட்டிய குளிரில் அந்த இழப்பு மிகச் சிறியது. மிகை இனிப்பு வகைகள் இந்த மாற்றத்தைத் தாமதப்படுத்துகின்றன என்றாலும், காலையில் ஒடித்துப் பகலில் விற்ற கதிரின் சுவைக்கு இணையில்லை. பச்சைப் பட்டாணியும் இதே போக்குடையது. இவற்றை ஒரே தடவையில் மொத்தமாகப் பறித்துக் குவிக்காமல், விடியற்காலையில் ஒரு முறையும், விற்றுத் தீர்ந்தால் மீண்டும் ஒரு முறையும் பறிப்பதே நல்லது. வெப்பம் 10 டிகிரி கூடினால் பறித்த காயின் சுவாசம் இரண்டு, மூன்று மடங்காகிறது; அந்த அளவுக்கு அது தன் இருப்பைத் தானே தின்று தீர்க்கிறது. எனவே, கடைக்கு நீங்கள் செய்யும் முதல் செலவு நல்ல நிழலுக்காக இருக்கட்டும். பெயர்ப்பலகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழ வகைகளை வைக்குமுன், பறித்த பின்னும் பழுப்பவை எவை, பழுக்காதவை எவை என்ற வேறுபாட்டைக் குடும்பத்தில் பறிக்கப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். தக்காளி, வாழை, மா, பப்பாளி, ஆப்பிள், பேரிக்காய் ஆகியவை முற்றிய பின் பறித்தால் எத்திலீன் என்னும் வாயுவைத் தாமே வெளியிட்டுப் பழுத்துவிடும். திராட்சை, ஆரஞ்சு, எலுமிச்சை, ஸ்ட்ராபெரி, அன்னாசி, மாதுளை, தர்ப்பூசணி ஆகியவை பறித்த நேரத்தில் எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். பிறகு நிறம் மாறலாம், மென்மையாகலாம், ஆனால் இனிப்பு கூடாது. இந்த இரண்டாம் வகையில்தான் உங்கள் கடை தனித்து நிற்க முடியும். தொலைதூரம் போக வேண்டிய ஸ்ட்ராபெரியை, காம்பை ஒட்டிய பகுதி வெளிறியிருக்கும்போதே வியாபாரிகள் பறிக்கிறார்கள். நீங்கள் காம்படி வரை சிவந்த பின் பறிக்கலாம். தர்ப்பூசணியில், காயின் காம்புக்கு அருகிலுள்ள பற்றுச்சுருள் காய்ந்திருக்கிறதா, தரையில் பட்டுக் கிடந்த பக்கம் வெண்மை நீங்கி மஞ்சளாகியிருக்கிறதா என்று இரண்டையும் பார்த்தே அறுங்கள். தட்டிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் நம்புவதைவிட இது உறுதியானது.

தக்காளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடைக்கு வருபவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். செடியிலேயே நன்றாகச் சிவந்த பழத்தைத் தர முடிவது உங்கள் பலம். ஆனால் கடும் வெயில் நாள்களில், வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும்போது, சிவப்பு நிறத்தைத் தரும் லைக்கோபீன் உருவாவது தடைப்பட்டுப் பழம் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகவே நின்றுவிடும். அப்போது நிறம் திரும்பத் தொடங்கியவுடனே பறித்து, 20 முதல் 25 டிகிரி வரையுள்ள நிழலான அறையில் ஒற்றை அடுக்காகப் பரப்பினால் நிறம் ஒழுங்காக ஏறும். பறித்த தக்காளியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். 10 டிகிரிக்குக் கீழ் பல நாள்கள் இருந்தால் மணம் குன்றிச் சதை மாவாகிவிடும். வாங்குபவரிடமும் இதைச் சொல்லி அனுப்புங்கள். வெள்ளரி, கத்தரி, வெண்டை, துளசி இனத்து வாசனைத் தழைகள் எல்லாமே அதிகக் குளிரில் காயம்படுபவை.

எதை எப்போது வைப்பது என்ற உங்கள் கேள்வியின் பெரும்பகுதிக்கு விடை, விதைக்கும் நாளில்தான் இருக்கிறது. முள்ளங்கி ஏறத்தாழ 25 முதல் 30 நாள்களிலும், குத்து பீன்ஸ் 50 முதல் 60 நாள்களிலும், இனிப்பு மக்காச்சோளம் 70 முதல் 90 நாள்களிலும், சேமிப்புப் பூசணி 90 முதல் 120 நாள்களிலும் அறுவடைக்கு வரும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, கடை திறக்க விரும்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதையுங்கள். ஒரே நாளில் முழுப் பாத்தியையும் விதைத்தால், ஒரு வாரம் விற்க முடியாத அளவுக்குக் காயும் அதன் பிறகு வெறும் மேசையும்தான் மிஞ்சும். பீன்ஸ், முள்ளங்கி, கீரை வகைகளை ஒன்று அல்லது இரண்டு வார இடைவெளியில் தவணை தவணையாக விதைப்பது இதைத் தவிர்க்கும். மண் குளிர்ந்திருக்கும்போது விதைத்த முதல் தவணை மெதுவாக வளரும், வெப்பம் ஏறிய பின் விதைத்தது அதை எட்டிப் பிடித்துவிடும் என்பதால், வெறும் நாட்காட்டியை நம்பாமல், முந்தைய தவணையின் நாற்று, முளையிலைகளுக்குப் பின் வரும் உண்மை இலைகளில் இரண்டை விட்ட பிறகு அடுத்ததை விதைப்பது மேலான வழி. மக்காச்சோளத்தை நீளமான ஒற்றை வரிசையில் விதைக்காதீர்கள். அதன் மகரந்தம் காற்றில் பரவுவது, கதிர் நுனியில் தொங்கும் ஒவ்வொரு பட்டு நூலும் ஒரு சோள மணிக்கு உரியது. நூலுக்கு மகரந்தம் சேராவிட்டால் அந்த இடத்தில் மணி இராது. ஒவ்வொரு தவணையையும் நான்கு வரிசைக்குக் குறையாத சிறு சதுரமாக விதைத்தால் கதிர் நிறைந்து வரும்.

குளிர் மாதங்களுக்குரிய முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட், பட்டாணி, கீரை வகைகளை வெயில் மாதங்களில் வலிந்து வளர்க்க முயல வேண்டாம். வெப்பத்தில் லெட்யூஸ் போன்ற கீரைகள் பூந்தண்டு விட்டுக் கசந்துவிடும். அதை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை கீரை பக்கமே திரும்ப மாட்டார்.

வெண்டை, பீன்ஸ், வெள்ளரி ஆகியவற்றை விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓரிரு நாளுக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டும். வெண்டை பூத்த நான்கிலிருந்து ஏழு நாளுக்குள் பறிக்கத்தக்க அளவுக்கு வந்துவிடும், அதைத் தாண்டினால் நாராகிவிடும். செடியில் முற்றவிட்ட காய் விதையை வளர்க்கத் தொடங்கியதும் செடி புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், பறிக்காமல் விட்ட ஒரு வாரம் அடுத்த சில வாரங்களின் விளைச்சலையும் கெடுக்கும். காய் குவியும் நாள்களில் ஊறுகாய்க்கும் வற்றலுக்கும் உரியது என்று எழுதிப் பெரிய கூடைகளில் குறைந்த விலைக்கு வையுங்கள்; மொத்தமாகப் பதப்படுத்த வாங்குபவர்கள் இந்தச் சில வாரங்களுக்காகவே காத்திருப்பார்கள்.

விளைச்சல் குறையும் மாதங்களை வெளிச் சந்தைக் காய் இல்லாமல் கடப்பதற்கு, சேமித்து வைக்கத் தகுந்த பயிர்களை முன்கூட்டியே போதுமான அளவு வளர்க்க வேண்டும். பெரும்பாலான புதுக் கடைகள் இந்தப் பகுதியில் அக்கறை காட்டுவதில்லை. உண்மையில் ஆண்டின் மெலிந்த பாதியைத் தாங்குவது இதுதான். பூசணியை நீளக் காம்போடு அறுத்து, காம்பைப் பிடித்துத் தூக்காமல் எடுத்து வந்து, வெதுவெதுப்பான உலர்ந்த இடத்தில் பத்து நாள் வைத்துத் தோலை இறுகவிட்டால், 10 முதல் 15 டிகிரி வரையுள்ள காற்றோட்டமான அறையில் இரண்டு மூன்று மாதம் கெடாமல் இருக்கும். காம்பு ஒடிந்த காயை முதலில் விற்றுவிடுங்கள், அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். வெங்காயத்தையும் பூண்டையும் கழுத்துப் பகுதி முற்றிலும் காயும் வரை நிழலில் உலர்த்த வேண்டும். கழுத்து தடித்து ஈரமாக இருக்கும் வெங்காயம் சேமிப்புக்கு ஆகாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோண்டிய அன்றே விற்பதைவிட, ஏறத்தாழ 30 டிகிரி வெப்பமும் நல்ல ஈரப்பதமும் உள்ள இடத்தில் நான்கு முதல் ஏழு நாள் வைத்து, பிறகு சில வாரம் இருப்பில் இருத்தி விற்பது நல்லது. தோலில் பட்ட காயங்கள் ஆறுவதோடு, மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்பும் கூடும். புதிதாய்ப் பறித்ததே சிறந்தது என்று இதுவரை நான் சொன்னதற்கு இந்தக் கிழங்கு ஒரு விலக்கு. உருளைக்கிழங்கை வெளிச்சம் படாமல் மூடி வைக்க வேண்டும்; வெளிச்சத்தில் பச்சையாகும் கிழங்கில் சோலனைன் என்னும் நச்சுப்பொருள் சேர்கிறது. அழகாகத் தெரிகிறது என்று அதைக் கடை முகப்பில் வெயில் படும்படி கொட்டி வைப்பது தவறு.

காய்கனிக்கு அப்பால் முட்டை, தேன், மலர், பதப்படுத்திய பொருள்கள் ஆகியவையும் இத்தகைய கடைகளுக்குப் பொருந்தும். முட்டைக்கும் பருவம் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை: பகல் நீளம் குறையும் மாதங்களில் கோழிகள் இடுவது குறையும், இறகு உதிர்க்கும் காலத்தில் நின்றேவிடும். நிறைவாக இடுவதற்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் தேவை. தேன் உறைந்து மணல்போல் ஆவது குளுக்கோஸ் படிகமாவதால்தான், கலப்படத்தால் அன்று என்பதைப் புட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் தேன் தரக் கூடாது என்பதையும் அங்கேயே எழுத வேண்டும். அதில் இருக்கக்கூடிய கிளாஸ்டிரிடியம் போட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கைக்குழந்தைகளுக்குப் பேராபத்து. புட்டிகளில் அடைத்துக் காற்றுப் புகாமல் மூடும் பொருள்களில் அமிலத்தன்மையை அளக்காமல் எதையும் விற்காதீர்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (அமிலம் குறையக் குறைய இது கூடும்) 4.6-க்கு மேல் இருந்தால் அதே நுண்ணுயிர் அங்கே பெருகி நச்சை உண்டாக்கும். கொதிநீர் அதன் வித்துகளைக் கொல்லாது. தக்காளி இந்த எல்லைக்கோட்டின் அருகிலேயே இருப்பதால் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ அளவாகச் சேர்க்கப்படுகிறது. உங்கள் பகுதியின் உணவு உரிம விதிகளைக் கடை திறக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மேசையில் அடுக்கும்போது, எத்திலீன் வெளியிடும் பழுத்த பழங்களைக் கீரைக்கும் வெள்ளரிக்கும் கேரட்டுக்கும் அருகில் வைக்க வேண்டாம். கீரையும் வெள்ளரியும் மஞ்சளிக்கும், கேரட் கசக்கும். கேரட்டின் தழை பார்க்க அழகாக இருந்தாலும் கிழங்கின் ஈரத்தை அதுவே உறிஞ்சிவிடுவதால், அன்றே விற்காதவற்றின் தழையை நறுக்கிவிடுங்கள். கீரைக் கட்டுகளை ஈரத் துணியால் மூடுங்கள், மேசையில் சிறிதளவே வைத்து மீதியை உள்ளே குளிர்ச்சியில் வைத்து அவ்வப்போது எடுத்து நிரப்புங்கள்.

கரும்பலகையொன்றில் ஒவ்வொரு காயின் பெயரோடு பறித்த நாளையும் எழுதுங்கள். மருந்து தெளித்திருந்தால், எந்த நாளில் எதைத் தெளித்தீர்கள் என்று கேட்பவருக்கு மறைக்காமல் சொல்ல ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். மருந்துப் புட்டியில் அச்சிட்டிருக்கும் காத்திருப்பு நாள்கள் முடியும்வரை அந்தப் பாத்தியிலிருந்து ஒரு காய்கூடக் கடைக்கு வரக் கூடாது. முன்பின் அறியாதவர்கள் உங்களை நம்பித் தம் பிள்ளைகளுக்குச் சமைக்கிறார்கள். இந்த நம்பிக்கையைவிடப் பெரிய முதல் உங்கள் கடைக்குக் கிடையாது. அதே பலகையின் கீழ்ப்பாதியில் முடிந்துபோனவற்றையும் இனி வரப்போவனவற்றையும் எழுதினால், தக்காளி இல்லையே என்று வருந்துபவர் பூசணி எப்போது வரும் என்று கேட்டுச் செல்வார். சேமித்த கிழங்கும் பூசணியும் தீர்ந்து, அடுத்த விதைப்பு இன்னும் காய்க்காத சில வாரங்கள் ஆண்டில் கட்டாயம் வரும். அந்த வாரங்களில் கடையைச் சாத்திவிட்டு, மீண்டும் திறக்கும் நாளையும் அன்று முதலில் வரப்போகும் காயின் பெயரையும் வாசலில் எழுதி மாட்டினால் போதும்.