கீழே கிடக்கும்போது குத்து வந்தால்?

கேள்வி: எனக்கு வயது 24. காட்பாடியில் வீடு, ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. மூன்று வருடமாக, தரையில் புரண்டு பூட்டுப் போடும் கலையான பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பழகுகிறேன். ப்ளூ பெல்ட் வாங்கிவிட்டேன். இன்னும் நான்கு மாதத்தில் ஒரு அமெச்சூர் எம்.எம்.ஏ. (குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த சண்டை) போட்டி வருகிறது, அதில் இறங்க ஆசை. போன மாதம் முதல் முறையாக க்ளவுஸ் போட்டு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்தேன். வழக்கம்போலக் கீழே உட்கார்ந்து எதிராளியைக் கார்டுக்குள், அதாவது என் கால்களுக்கு நடுவில், இழுத்தேன். அவர் மேலே இருந்து குத்திக்கொண்டே இருந்தார், என்னால் ஒன்றுமே செய்ய முடியவில்லை. ‘ஜியு-ஜிட்சுவைத் தூக்கிப் போட்டுவிட்டு பாக்ஸிங் கற்றுக்கொள்’ என்கிறார்கள் நண்பர்கள். அம்மாவோ இரண்டுமே வேண்டாம் என்கிறார். மூன்று வருட உழைப்பு வீண்தானா?
— ஒரு வாசகர், காட்பாடி

பதில்: தம்பி, வீண் இல்லை. ஆனால் இதுவரை பழகியதில் ஒரு பகுதியை இந்த நான்கு மாதத்துக்கு ஓரமாக எடுத்து வைக்க வேண்டியிருக்கும். மீதியை வேறு விதமாகப் பழக வேண்டும்.

உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது. முதல் நாள் க்ளவுஸோடு இறங்கியபோது, கார்டுக்குள் இருந்தவருடைய சட்டைக் கையைப் பிடிக்க என் விரல்கள் தானாகப் போயின. சட்டை எங்கே இருக்கிறது? வெறும் மணிக்கட்டு, அதுவும் வியர்வையில் ஊறியது. பிடி வழுக்கியது. வழுக்கிப் போன அதே கை திரும்பி வந்து என் கன்னத்தில் இறங்கியது. வருடக்கணக்காகப் பழகியதெல்லாம் ஒரே நொடியில் கையை விட்டுப் போன மாதிரி இருந்தது. அன்று ராத்திரி எனக்கும் இதே கேள்விதான். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

ஜியு-ஜிட்சு குத்தைப் பார்க்காத கலை அல்ல. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் யு.எஃப்.சி. என்ற எம்.எம்.ஏ. போட்டியில் ராய்ஸ் கிரேஸி ஒரே இரவில் மூன்று பேரை வென்றது இந்தக் கலையை வைத்துத்தான். அடுத்த வருடம் டிசம்பரில் டான் செவர்ன் என்ற மல்யுத்த வீரர் அவருக்கு எதிராக வந்தார். ராய்ஸைவிட முப்பது கிலோவுக்கு மேல் எடை கூடியவர். ஏறக்குறைய பதினைந்து நிமிடம் ராய்ஸ் அவருக்குக் கீழேயே கிடந்தார். கடைசியில் கால்களால் கழுத்தை இறுக்கும் முக்கோணப் பூட்டுப் போட்டு வென்றார். இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் நிறையப் பேர் ‘கீழே படுத்துப் பொறுமையாகக் காத்திருந்தால் போதும்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் போட்டிக்கு நேர வரம்பே கிடையாது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இன்றைக்குத் தொழில்முறை எம்.எம்.ஏ.யில் ஐந்து நிமிடச் சுற்று மூன்று, பட்டத்துக்கான போட்டி என்றால் ஐந்து. மணி அடித்தால் எழுந்து நின்று முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். காத்திருக்க நேரம் இல்லை.

புள்ளிக் கணக்கும் வேறு. நீங்கள் இதுவரை ஆடிய போட்டிகளில் கீழே உட்கார்ந்தால் நஷ்டம் இல்லை. அங்கிருந்து கவிழ்த்தால் 2 புள்ளி, கார்டைத் தாண்டினால் 3, மவுண்ட் (எதிராளியின் உடம்பு மேல் உட்காருவது) ஏறினாலோ முதுகைப் பிடித்தாலோ 4. எம்.எம்.ஏ. நடுவர்கள் அப்படி எண்ணுவதில்லை. யாருடைய அடியும் பிடியும் எதிராளியை அதிகம் பாதித்தது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்களே விரும்பிப் போய்க் கீழே உட்கார்ந்து இரண்டு நிமிடம் குத்து வாங்கினால், அந்தச் சுற்றை நீங்களே தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நம் ஊர்ப் பக்கம் கபடி பார்க்காமல் யாரும் வளர்ந்திருக்க மாட்டோம். பாடிப் போனவனைக் கணுக்காலில் பிடித்துக் கீழே தள்ளினால் அவன் என்ன செய்கிறான்? மல்லாக்கப் படுத்துக்கொண்டு ‘வா’ என்று கூப்பிடுவதில்லை. நாலு பேர் மேலே விழுந்தாலும் குப்புறத் திரும்பி, கையை ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைப் பார்த்துப் போகிறான். முப்பது வினாடிதான் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். உங்கள் ஜியு-ஜிட்சுவுக்குள் அந்தப் பாடிப் போகிறவனின் அவசரம் வர வேண்டும். முதுகு தரையில் பட்டதும் மனசில் வர வேண்டிய முதல் எண்ணம் ‘எழுந்திரு’. அது முடியாவிட்டால் ‘கவிழ்த்து மேலே வா’. அதுவும் முடியாவிட்டால்தான் பூட்டு.

எழுந்திருப்பதை நீங்கள் முதல் வாரமே கற்றிருப்பீர்கள். சூடேற்றும் பயிற்சியில் செய்துவிட்டு மறந்திருப்பீர்கள். இப்போது அதைத்தான் தினமும் செய்ய வேண்டும். இடது கையைப் பின்னால் தரையில் ஊன்றுங்கள். வலது பாதமும் தரையில். வலது முன்கை முகத்துக்கு முன்னால், நெற்றியை மறைக்கிற மாதிரி. இடது பாதத்தால் அவருடைய தொடையைத் தள்ளி அவரைத் தூரத்தில் நிறுத்துங்கள். அவர் எடை பின்னால் சாயும் அந்த நொடியில் இடுப்பைத் தூக்குங்கள். உடம்பு முழுக்க இடது கையிலும் வலது பாதத்திலும் நிற்கும். இடது காலை உங்கள் உடம்புக்கு அடியில் பின்னால் இழுத்து ஊன்றி எழுந்துவிடுங்கள். பார்வை கடைசிவரை அவர் மேலேயே இருக்கட்டும். நிறையப் பேர் எழும்போது தரையைப் பார்க்கிறார்கள், முழங்காலோ உதையோ அப்போதுதான் வருகிறது. கூடப் பழகுகிறவரை மேலே உட்கார வைத்து, பெரிய பஞ்சு க்ளவுஸ் போட்டு மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். முப்பது வினாடிக்குள் எழுந்து நிற்பது மட்டும்தான் உங்கள் வேலை. பத்து முறை. அப்புறம் இடம் மாறி, அவர் கீழே, நீங்கள் மேலே.

உடனே எழ முடியாமல் கீழே மாட்டிக்கொண்டால் தூரத்தைக் கவனியுங்கள். குத்து வலிக்க அவருக்கு ஒரு முழம் இடமாவது வேண்டும். அதற்குள் ஒட்டிக்கொண்டால் அது வெறும் தட்டல். உங்கள் காலின் நீளத்துக்கு அப்பால் தள்ளிவிட்டால் எட்டவே எட்டாது. இரண்டுக்கும் நடுவில் கிடப்பதுதான் ஆபத்து, போன மாதம் நீங்கள் கிடந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். ஒட்டுவதென்றால் முழுசாக ஒட்டுங்கள்: ஒரு கை அவருடைய பின்கழுத்தில், அவர் தலை உங்கள் மார்பில், இன்னொரு கை அவர் புஜத்துக்கு மேலாகச் சுற்றி அக்குளில் பூட்டியிருக்கட்டும். முழங்கால்களால் அவரை உங்கள் பக்கம் இழுங்கள். அவர் நிமிர முயல்வார், நிமிர்ந்தால்தான் அவரால் குத்த முடியும். அவர் கையை ஊன்றி நிமிரும்போதே இடுப்பை நகர்த்தி எழுந்து உட்கார்ந்துவிடுங்கள். நிமிர்ந்த பிறகு யோசித்தால் தாமதம்.

இதன்படி பார்த்தால் எதை ஓரம் வைப்பது என்பது உங்களுக்கே புரியும். சட்டைக் கையைப் பிடித்து ஆடும் ஸ்பைடர் கார்டு, லாஸோ, சட்டைக் காலரால் கழுத்தை இறுக்கும் காலர் சோக் எல்லாம் அடுத்த கி (ஜியு-ஜிட்சு சட்டை) போட்டிவரை இருக்கட்டும். ஹாஃப் கார்டையும் (அவருடைய ஒரு காலை உங்கள் கால்களுக்குள் பூட்டுவது) பட்டர்ஃப்ளை கார்டையும் (உங்கள் பாதங்கள் அவர் தொடைகளுக்கு உள்பக்கம்) வைத்துக்கொள்ளுங்கள், அண்டர்ஹூக்கோடு (அவர் அக்குளுக்கு அடியில் கையை நுழைக்கும் பிடி). குதிகால் பூட்டுக்காகப் பின்னால் சாய்ந்து விழுவதை இப்போதைக்குத் தொட வேண்டாம். உங்கள் இரண்டு கையும் அவர் காலில் இருக்கும்போது அவருடைய இரண்டு கையும் சும்மா இருக்காது.

சரி, குத்து அவருக்கு மட்டும் சொந்தமா? இதை உங்கள் நண்பர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். வெறும் ஜியு-ஜிட்சுவில் மவுண்டில் இருக்கும்போது கீழே கிடப்பவர் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு நிமிடக்கணக்கில் கிடக்கலாம். இரண்டு குத்து விழுந்தால் அப்படிக் கிடக்க முடியாது. முகத்தை மறைக்கக் கை மேலே போகும், ஆர்ம்பாருக்கு (கையை நீட்டி முழங்கை மூட்டை வளைக்கும் பூட்டு) வழி திறக்கும். இல்லையென்றால் அடி தாங்காமல் திரும்பி முதுகைக் கொடுப்பார். நீங்கள் மூன்று வருடமாகப் பாடுபட்டுத் தேடிய இடங்கள் இங்கே லேசாகக் கிடைக்கும், நீங்கள் மேலே இருந்தால்.

மேலே வருவதற்கு டேக்டவுன் (நிற்பவரைத் தரையில் வீழ்த்துவது) வேண்டும். பல ஜியு-ஜிட்சு வீரர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். டெமியன் மாயா தரையில் எவ்வளவு பெரிய ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். 2017-இல் டைரன் வுட்லியோடு மோதிய பட்டப் போட்டியில் இருபது முறைக்கு மேல் அவரைக் கீழே கொண்டுவர முயன்றார். ஒன்றுகூடப் பலிக்கவில்லை. தரைக்குப் போகவே முடியாதபோது தரை வித்தை உதவவில்லை. அதனால் இந்த நான்கு மாதத்தில் உங்கள் நேரத்தில் பெரிய பங்கு மல்யுத்தத்துக்குப் போகட்டும். ஒரு சிங்கிள் லெக் (ஒரு காலைப் பிடித்து வீழ்த்துவது), ஒரு டபுள் லெக் (இரண்டு காலையும் பிடிப்பது), பிடித்து நெருங்கியபின் இடுப்பைச் சுற்றித் தள்ளும் ஒரு பிடி. மூன்றே போதும், ஆனால் களைத்துப்போன நிலையிலும் அவை வர வேண்டும்.

பாக்ஸிங் விஷயத்தில் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நான்கு மாதத்தில் நீங்கள் பாக்ஸர் ஆகப் போவதில்லை. ஆனால் கண்ணை மூடாமல் குத்தைப் பார்க்கவும், ஜாப் (முன்னால் இருக்கும் கையால் போடும் நேர்க் குத்து) போட்டபடி உள்ளே நுழையவும் கற்க முடியும். குத்தாமல் காலைப் பிடிக்கக் குனிந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், முழங்கால் காத்திருக்கும். யு.எஃப்.சி.யில் அதிகமான சப்மிஷன் (பூட்டுப் போட்டுச் சரணடைய வைக்கும்) வெற்றி பெற்ற சார்ல்ஸ் ஒலிவேராவின் சண்டைகளைப் பாருங்கள். கீழே உட்கார்ந்து யாரையும் கூப்பிடுவதில்லை. நின்று அடித்தபடியே முன்னால் போகிறார். அவர் தரையில் விழுந்தால்கூட எதிராளிகள் மேலே போய் விழத் தயங்குகிறார்கள்.

சுவர்ப் பயிற்சிக்குக் கேஜ் (எம்.எம்.ஏ. நடக்கும் வேலி அடைத்த களம்) இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். அறைக்குள் இருக்கும் உறுதியான சுவரில் ஒரு மேட்டை (பயிற்சி மெத்தையை) சாய்த்துக் கட்டினால் போதும். முதுகைச் சுவரில் அழுத்தி, அண்டர்ஹூக் போட்டு, ஒரு முழங்காலில் இருந்து எழுவதை அதில் பழகலாம். மொட்டைமாடியில் பழகுகிறவராக இருந்தால் ஒன்று சொல்கிறேன், கைப்பிடிச் சுவரில் மட்டும் ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள்.

பூட்டுகளில் பின்புறக் கழுத்துப் பிடியும் கில்லட்டினும் (முன்பக்கமிருந்து கழுத்தை இறுக்குவது) உங்களுக்கு முக்கியம். வேலூர் வெயிலில் பழகும் உங்களுக்கு வியர்வை பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது நிமிடத்தில் எதிராளியின் கை எண்ணெய் தடவின மாதிரி ஆகிவிடும், ஆர்ம்பார் நழுவும். கழுத்து அந்த அளவு நழுவாது. ஆனால் க்ளவுஸ் போட்டே பழகுங்கள். கழுத்தை இறுக்க ஒரு கையை அவர் பிடரிக்குப் பின்னால் நுழைக்கும்போது, வெறும் கை கத்தி மாதிரி உள்ளே போகும். க்ளவுஸ் போட்ட கை அவர் தலைக்கும் உங்கள் தோளுக்கும் நடுவில் தடுக்கி நின்றுவிடும். விரல்களை நீட்டி, புறங்கை அவர் தலையை உரசுகிற மாதிரி நுழைத்தால் போகும். ஜெயித்த பிடி என்று நினைத்தது இந்த ஒரு அங்குலத்தில் கைவிட்டுப் போய், வீரர்கள் தோற்றதை நான் பார்த்திருக்கிறேன். மேட்டைத் தினமும் துடையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் படர்தாமரை வந்தால் மொத்தக் கூட்டத்துக்கும் வரும்.

இப்போது அம்மா. அவர் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் ஒரு பயிற்சிக்கூடத்தில் நான் தலையில் பலமாக அடிவாங்கினேன். காதுக்குள் ரீங்காரம். ‘ஒன்றுமில்லை, தொடரு’ என்றார் அங்கிருந்த பயிற்சியாளர், நானும் தொடர்ந்தேன். நான்கு நாள் வெளிச்சத்தைப் பார்த்தாலே தலைவலி. அன்றைக்கு யாராவது என்னை நிறுத்தியிருக்க வேண்டும். அதனால் சொல்கிறேன்: முழு வேகத்தில் தலையில் அடிக்கும் ஸ்பாரிங் வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம், அதுவும் உங்களைவிட அனுபவம் கூடிய, கையை அடக்கத் தெரிந்தவரோடு மட்டும். அடி வாங்கியபின் தலைவலி, வாந்தி, குழப்பம், கண் மங்கல் இதில் எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை மேட்டில் கால் வைக்கக் கூடாது, போட்டித் தேதி எதுவாக இருந்தாலும் சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பயிற்சிக்குக் கூட்டிப் போய், நீங்கள் ‘போதும்’ என்று கையால் இரண்டு முறை தட்டியதும் எதிராளி அந்தக் கணமே பிடியை விடுவதைக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் அவர் வேண்டாம் என்றால் உட்கார்ந்து பேசுங்கள், மறைத்துவிட்டுப் போய் இறங்காதீர்கள்.

போட்டி நடத்துகிறவர்களிடம் விதித்தாளை இப்போதே கேட்டு வாங்குங்கள். அமெச்சூரில் சுற்று நேரம் குறையலாம், முழங்கை அடிக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். அதைப் பொறுத்துப் பயிற்சி மாறும். எடைப்பிரிவை உங்கள் சாதாரண எடைக்குப் பக்கத்திலேயே தேர்ந்தெடுங்கள். பிளாஸ்டிக் உடை போட்டுக்கொண்டு பாலாற்று மணலில் வெயிலில் ஓடித் தண்ணீரை வற்றவைக்கிற வேலை வேண்டவே வேண்டாம், உயிருக்கே ஆபத்து. ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவர் நீங்கள், வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கட்டாயம். முதல் மாதம் முழுக்க அந்த முப்பது வினாடிப் பயிற்சியை விடாமல் செய்துவிட்டு, பத்து முறையில் எத்தனை முறை எழுந்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது மாதத்துக்கு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.