அதே குரங்கு, வேறு பதிப்பு

கேள்வி: 'டாங்கி காங்' வீடியோ ஆட்டத்தின் ஜப்பான் பதிப்பிலும் அமெரிக்கப் பதிப்பிலும் அதே குரங்குதான், அதே பீப்பாய்தான். இரண்டிலும் எடுத்த ஸ்கோர்களை ஒரே பட்டியலில் போட்டால் என்ன?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: 'பதிப்பு' என்கிறீர்கள். அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் ஊரில் மறுஅச்சுக்கெல்லாம் 'ஐந்தாம் பதிப்பு', 'எட்டாம் பதிப்பு' என்று போட்டுவிடுகிறார்கள். இதை எதிர்த்து இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். உள்ளே ஓர் எழுத்தும் மாறாவிட்டால் அது மறுஅச்சு. மாறியிருந்தால், என்ன மாறியது என்று முன்பக்கத்திலேயே சொல்ல வேண்டும். நான் வாங்கிய 'மூன்றாம் பதிப்பு' ஒன்றில் கடைசி அத்தியாயமே இல்லை. பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டேன். 'அதே புத்தகம்தான் சார்' என்று பதில் வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. 1894-இல் உ.வே.சா. புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களையும் குறித்துக் கொடுத்தார். பதிப்பு என்றால் அது.

'அதே குரங்குதான்' என்று நீங்கள் எழுதியதும் எனக்கு அந்தக் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. குரங்கு அதேதான், வரிசை வேறு.

1981-இல் நிண்டெண்டோ வெளியிட்ட இந்த ஆட்டத்தில், குரங்கு உருட்டிவிடும் பீப்பாய் போன்ற தடைகளைத் தாண்டி மேலே ஏற வேண்டும். நான்கு ஸ்டேஜ்: பீப்பாய், கன்வேயர், லிஃப்ட், ரிவெட். ஜப்பானில் ஒவ்வொரு லெவலிலும் நான்கும் இதே வரிசையில் வரும். அமெரிக்காவுக்குப் போனபோது இதைக் கலைத்துவிட்டார்கள். அங்கே முதல் லெவலில் பீப்பாயும் ரிவெட்டும் மட்டும்தான். கன்வேயரைப் பார்க்க ஏழாவது ஸ்டேஜ் வரை போக வேண்டும். ஐந்தாவது லெவலிலிருந்து லெவலுக்கு ஆறு ஸ்டேஜ், அதில் மூன்று பீப்பாய்!

இரண்டு பதிப்பும் 22-ஆவது லெவலின் முதல் ஸ்டேஜில் செத்துப்போகும். ஸ்டேஜ் தொடங்கியதும் போனஸ் எண் குறைந்துகொண்டே வரும், அது தீர்ந்தால் ஆள் காலி. அதற்கான கணக்கு, லெவலைப் பத்தால் பெருக்கி நாற்பதைக் கூட்டுவது; 80-க்கு மேல் போனால் 80 என்றே வைத்துக்கொள்ளும், அதன் நூறு மடங்குதான் போனஸ். 22-க்கு 260 வரும். நினைவகத்தில் அந்த எண்ணுக்கு உள்ள இடத்தில் 255-க்கு மேல் கொள்ளாது, எண் சுற்றிவந்து 4 ஆகிவிடும். 8000-த்தில் தொடங்க வேண்டிய போனஸ் 400-இல் தொடங்கி, ஏறி முடிப்பதற்குள் தீர்ந்துவிடும்.

சரி, அதுவரை எத்தனை ஸ்டேஜ்? உட்கார்ந்து எண்ணினேன். ஜப்பானில் 84, அமெரிக்காவில் 116. லிஃப்ட்டும் கன்வேயரும் அமெரிக்காவில் ஒன்றிரண்டு குறைவு, ரிவெட் சமம். பீப்பாய் மட்டும் ஜப்பானில் 21, அமெரிக்காவில் 56.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் புள்ளி அள்ளுவதே பீப்பாய் ஸ்டேஜில்தான். ஒரு பீப்பாயைத் தாண்டினால் 100, இரண்டைச் சேர்த்துத் தாண்டினால் 300. சுத்தியலால் உடைத்தால் ஒன்றுக்கு 300, 500, அதிர்ஷ்டம் இருந்தால் 800. அமெரிக்கப் பதிப்பில் பத்து லட்சத்தைத் தாண்டிய ஸ்கோர்கள் இப்படித்தான் சேர்ந்தவை. ஜப்பான் பதிப்பில் ஆடுபவருக்கு இந்த வயலில் பாதிகூடக் கிடையாது. அவரை அதே பட்டியலில் கீழே போட்டு 'இவர் மட்டம்' என்பது அநியாயம். ஆகவே தனிப் பட்டியல்தான், சந்தேகமே வேண்டாம். இரண்டையும் ஒப்பிட்டே தீர வேண்டுமா? ஒரு பீப்பாய் ஸ்டேஜுக்குச் சராசரியாக எவ்வளவு எடுத்தார் என்று பாருங்கள். திறமை அங்கே தெரியும்.

அப்புறம் ஒரு பாடபேதம். ஸ்டேஜ் தொடங்கும் முன் திரையில் ஒரு வரி வரும். அமெரிக்கப் பதிப்பில் 'ஹவ் ஹை கேன் யூ கெட்?' ஜப்பான் பதிப்பில் 'கெட்' இருக்கும் இடத்தில் 'ட்ரை'. ஆங்கிலம் சரியில்லை என்று திருத்தியிருப்பார்கள். எனக்கு 'ட்ரை'தான் பிடித்திருக்கிறது. எவ்வளவு உயரம் போனாய் என்று அது கேட்கவில்லை, எவ்வளவு உயரத்துக்கு முயன்றுபார்ப்பாய் என்று கேட்கிறது.